மூக்கில் வைக்கும் ஆக்சிஜன்: சாதாரண டியூப் முதல் எச்.எஃப்.என்.சி. வரை, கட்டிலருகில் நிற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“சிஸ்டர், பக்கத்துப் பெட்டுக்காரருக்கு அறுபதுல ஓடுது. எங்கப்பாவுக்கு மட்டும் நாலுலயே வச்சிருக்கீங்களே, காசு எதுனா கட்டணுமா?”

புதுச்சேரியில் நுரையீரல் வார்டு பார்க்கும் எந்த நர்ஸிடம் கேட்டாலும் இந்தக் கேள்வியைச் சொல்வார். கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து பதினாறு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். அறுபது என்பது எச்.எஃப்.என்.சி. (ஹை ஃப்ளோ நேசல் கேனுலா), அதாவது சூடான ஈரக்காற்றை மூக்கு வழியே வேகமாகத் தள்ளும் ஒரு மெஷினின் எண், நாலு என்பது சுவரில் இருக்கும் மீட்டரின் எண். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, பஸ் டிக்கெட்டின் விலையையும் பஸ் நம்பரையும் ஒப்பிடுவது மாதிரி. ஆனால் அதை ஒரு நடு இரவில், அப்பாவின் மூச்சிரைப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மகனிடம் விளக்க எனக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். புதிதாக டூட்டிக்கு வரும் நர்ஸிங் பிள்ளைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் ஒரு மருந்து. எத்தனை லிட்டர், எத்தனை சதவீதம் என்று எழுதுவது டாக்டர். எழுதியது நோயாளியின் மூக்குக்குள் உண்மையிலேயே போய்ச் சேருகிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தாழங்குடா முகத்துவாரம்

தென்பெண்ணை கடலில் சேரும் இடத்தைக் கடலூர்க்காரர்கள் பார்த்திருப்பீர்கள். கோடையில் ஆற்றில் ஓட்டமே இருக்காது. கடல் தண்ணீர் உள்ளே ஏறி நிற்கும், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் கதை தலைகீழ். ஆறு கடலைத் தள்ளிக்கொண்டு போகும். முகத்துவாரம் முழுக்கச் செம்மண் தண்ணீர்தான்.

மூக்கும் தொண்டையும் அந்த முகத்துவாரம். குழாயில் வரும் ஆக்சிஜன் ஆறு. வார்டில் இருக்கும் சாதாரணக் காற்று கடல், அதில் ஆக்சிஜன் 21 சதவீதம். அமைதியாகப் படுத்திருக்கும் ஒருவர் மூச்சை உள்ளே இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். திணறுகிறவர் 60 லிட்டரையும் தாண்டி இழுப்பார். நாம் குழாயில் விடுவது 4 லிட்டர் என்றால், மீதி எங்கிருந்து வரும்? வார்டுக் காற்றிலிருந்துதான். அதே 4 லிட்டர் அமைதியாக இருப்பவருக்குப் போதுமானதாகவும், திணறுகிறவருக்குக் கடலில் கரைத்த பெருங்காயமாகவும் போவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. வெளியே விட்ட மூச்சில் கொஞ்சம் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் தங்கிவிடும். பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி. அடுத்த மூச்சில் முதலில் உள்ளே போவது அந்தப் பழைய காற்றுதான். வெள்ளம் வந்தால் அது அடித்துக்கொண்டு போகும். எச்.எஃப்.என்.சி. செய்யும் பெரிய வேலைகளில் இது ஒன்று. கோடை ஆறா, கார்த்திகை ஆறா என்று கேட்டுக்கொண்டே கீழே உள்ள படிகளைப் படித்தால் எல்லாம் புரியும்.

முதல் படி: ஆக்சிஜன் வரும் வழியைப் பாருங்கள்

சுவரில் உள்ள அவுட்லெட் என்றால் பைப்லைனில் சுமார் 4 பார் அழுத்தத்தில் ஆக்சிஜன் நிற்கும். அதில் செருகியிருக்கும் கண்ணாடிக் குழல்தான் ஃப்ளோ மீட்டர். உள்ளே ஒரு குண்டு மிதக்கும். குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் லிட்டர். மேல் விளிம்பைப் பார்த்துப் படிப்பவர்கள் அதிகம். மீட்டர் சாய்ந்து தொங்கினால் அந்த எண்ணை நம்பவே வேண்டாம்.

சிலிண்டர் என்றால் கருப்பு உடம்பு, வெள்ளைத் தோள். ரெகுலேட்டரை மாட்டுவதற்கு முன் வால்வை ஒரு நொடி லேசாகத் திறந்து மூடினால் வாயில் இருக்கும் தூசி வெளியே போகும். எண்ணெய்க் கையோடு வால்வைத் தொடாதீர்கள். திருகு இறுகிவிட்டது என்று தேங்காயெண்ணெய் விட்ட ஒரு வார்டு உதவியாளரைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, திறக்குமுன் பிடித்துவிட்டோம். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் நெருப்பு வைக்கத் தீக்குச்சி தேவையில்லை.

இரண்டாம் படி: டியூபை மூக்கில் வைப்பது

டியூபின் நடுவில் இரண்டு சின்னக் கொம்புகள் இருக்கும். வார்டில் அதை பிராங் என்போம். அவை லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு கீழே, தொண்டையை நோக்கி இருக்க வேண்டும். மேலே பார்த்து வைத்தால் காற்று மூக்கின் உட்கூரையில் அடிக்கும், எரியும், இரத்தம் கசியும். பிறகு டியூபைக் காது மேல் சுற்றி, தாடைக்குக் கீழே உள்ள வளையத்தை மெதுவாக மேலே தள்ளுங்கள். இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு போதும்.

காற்று வருகிறதா என்று சந்தேகமா? பிராங்கை ஒரு தம்ளர் சுத்தமான தண்ணீரில் காட்டுங்கள், குமிழி வரும். துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். கன்னத்தில் பிடித்துப் பார்ப்பதைவிட இது தெளிவு.

1 லிட்டருக்கு மூச்சில் சேரும் ஆக்சிஜன் சுமார் 24 சதவீதம். லிட்டருக்கு லிட்டர் மூன்று நான்கு சதவீதம் ஏறி, 6 லிட்டரில் சுமார் 44. இது தோராயக் கணக்குதான், திணறுகிறவருக்கு இதைவிடக் குறையும். 6 லிட்டருக்கு மேல் இந்தச் சாதாரண டியூபில் ஏற்றினால் மூக்கு காய்ந்து புண்ணாவதைத் தவிரப் பெரிய லாபம் கிடையாது. “கொஞ்சம் கூட்டி வச்சா என்ன சிஸ்டர்” என்று நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் குமிழைத் திருகுகிறவர்கள் தயவுசெய்து இதை இரண்டு தரம் படியுங்கள்.

அதிலும் பீடி, விறகடுப்பு, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை என்று வருடக்கணக்காக இழுத்து நுரையீரல் தேய்ந்தவர்களுக்கு, அதாவது சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு, ஆக்சிஜன் அதிகமானால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். நோயாளி தூங்குகிறார் என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். அது தூக்கமாக இருக்காது. மற்றவர்களுக்குச் சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் சேர்ந்திருக்கும் ஆக்சிஜனின் சதவீதம், 94 முதல் 98 வரை இருக்கட்டும் என்று எழுதும் டாக்டர், இவர்களுக்கு 88 முதல் 92 என்று எழுதுவது அதனால்தான். 90 என்று காட்டினால் பதற வேண்டாம், கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

காதுக்குப் பின்னால் டியூப் அழுத்தும் இடத்தை ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் ஒரு துண்டு காஸ் துணியை மடித்து வையுங்கள். மூக்கு காய்ந்தால் தண்ணீர் கலந்த ஜெல் கேளுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெயும் தைலமும் பையிலேயே இருக்கட்டும். கோயிலிலிருந்து வரும் விபூதியை நெற்றியில் பூசலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. கட்டிலடியில் கற்பூரம் ஏற்றுவது மட்டும் கூடாது. கேட்டால் சிரிப்பீர்கள், நான் அணைத்திருக்கிறேன்.

மூன்றாம் படி: குமிழி விடும் பாட்டில்

ஃப்ளோ மீட்டருக்குக் கீழே தண்ணீர் பாட்டில் தொங்குமே, அது ஹியூமிடிஃபையர். 4 லிட்டர் வரை இது கட்டாயமில்லை, மூக்கே ஈரம் சேர்த்துக்கொள்ளும். அதற்கு மேல் ஓடினாலோ, நாள் கணக்கில் ஓடினாலோ தேவை. கிருமிநீக்கிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ வேண்டாம். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஊற்றுங்கள். குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவதும் தப்பு. மிச்சத்தைக் கொட்டி, பாட்டிலைக் கழுவி, புதுசாக நிரப்ப வேண்டும், தினமும்.

இந்தப் பாட்டில் எனக்கு ஒரு பாடம் எடுத்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு அம்மாவுக்குச் சாச்சுரேஷன் 93-லிருந்து 86-க்கு இறங்கிவிட்டது. நான் 4-ஐ 6 ஆக்கினேன். 85. மாஸ்க் மாற்றினேன், 10 ஆக்கினேன். அசையவில்லை. டூட்டி டாக்டரை எழுப்பியாகிவிட்டது, ஐ.சி.யூ.வில் பெட் கேட்டாகிவிட்டது. தரை துடைக்க வந்த அக்காதான், “இன்னாம்மா இந்தப் பாட்டில் உஸ்ஸுனு கத்துது” என்றார். தண்ணீர் மாற்றும்போது மூடியை நான் மரை தவறிப் போட்டிருக்கிறேன். மீட்டரில் குண்டு ஒழுங்காக 10-ல் நிற்கிறது, ஆக்சிஜனோ மூடி வழியாக வார்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மூடியைக் கழற்றி நேராகப் போட்டதும் மூன்று நிமிடத்தில் 94.

அன்றிலிருந்து என் ஒழுங்கு இது: சாச்சுரேஷன் இறங்கினால் ஒரு கண் நோயாளி மேல், ஒரு கை டியூபின் மேல். மூக்கில் ஆரம்பித்து விரலாலேயே தடவிக்கொண்டு சுவர் வரைக்கும் போவேன். பிராங் நழுவியிருக்கும், கட்டில் கம்பியில் டியூப் நசுங்கியிருக்கும், அட்டெண்டரின் நாற்காலிக் கால் டியூப் மேல் நிற்கும், பாட்டில் கசியும். அரை நிமிட வேலை. நோயாளி நீலம் பாரித்தாலோ பேச்சுக் குளறினாலோ தடவுவதையும் தேடுவதையும் விட்டுவிட்டு முதலில் கூப்பிடுங்கள்.

பாட்டிலில் குமிழி வருகிறது, மீட்டரில் குண்டு நிற்கிறது என்றால் அங்கே வரை ஆக்சிஜன் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். மூக்குவரை வந்ததாக அர்த்தமில்லை.

நான்காம் படி: விரலில் மாட்டும் கிளிப்

பல்ஸ் ஆக்சிமீட்டர் சொல்வதெல்லாம் உண்மையில்லை. ஏ.சி.யில் சில்லிட்ட விரல், இரத்த அழுத்தம் இறங்கிய நோயாளி, நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி, நடுங்கும் கை எல்லாமே எண்ணைக் கெடுக்கும். நம்மைப் போல் கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் காட்டலாம். 93 என்று காட்டும்போது உள்ளே 90 ஆக இருக்க வாய்ப்புண்டு. திரையில் அலை ஒழுங்காக ஏறி இறங்குகிறதா, அதில் காட்டும் நாடித்துடிப்பு கையால் எண்ணும் நாடியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எண்ணை எழுதுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கையில் கிளிப்பை மாட்டினால், பட்டை இறுகும்போதெல்லாம் அலாரம் அடிக்கும்.

நடுவில் இருக்கும் மாஸ்க்குகள் பற்றிச் சுருக்கமாக. சாதாரண மாஸ்க்கை 5 லிட்டருக்குக் கீழே ஓட்டக்கூடாது, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும். வென்சுரி மாஸ்க்கில் வண்ண வண்ணமாக அடைப்பான்கள் வரும்: நீலம் 24 சதவீதம், வெள்ளை 28, மஞ்சள் 35, சிவப்பு 40, பச்சை 60. எத்தனை லிட்டர் விட வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு அளந்து கொடுக்க இதைவிட எளிய சாமான் இல்லை, ஏனோ நம் வார்டுகளில் இதைக் குறைவாகவே பயன்படுத்துகிறோம். பை தொங்கும் மாஸ்க் என்.ஆர்.பி.எம். 10 முதல் 15 லிட்டர் ஓடும். முகத்தில் வைக்குமுன் உள்ளே இருக்கும் வால்வை விரலால் அடைத்துப் பையை நிரப்ப வேண்டும். மூச்சிழுக்கும்போது பை முழுக்கச் சப்பிப்போனால் லிட்டர் போதவில்லை.

ஐந்தாம் படி: எச்.எஃப்.என்.சி. மெஷினைத் தயார் செய்வது

இப்போது கார்த்திகை வெள்ளம். இந்த மெஷின் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை, சூடாக்கி ஈரமாக்கிய காற்றை மூக்கு வழியே தள்ளும். நோயாளி இழுக்கும் வேகத்துக்கு மெஷின் ஈடுகொடுப்பதால் வார்டுக் காற்று கலப்பது மிகக் குறைவு. 21 முதல் 100 சதவீதம் வரை எந்த அளவை வைக்கிறோமோ ஏறக்குறைய அதுவே உள்ளே போகும். வாயை மூடியிருந்தால் நுரையீரலுக்குள் லேசான அழுத்தமும் நிற்கும், அதனால் சுருங்கிய காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் இருக்கும். அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும், முகத்தை இறுக்கிப் பிடிக்கும் பைபேப் மாஸ்க் போல் இல்லாமல் பேசலாம், இருமிச் சளியைத் துப்பலாம், டாக்டர் அனுமதித்தால் இரண்டு வாய் கஞ்சியும் குடிக்கலாம்.

மெஷின் இரண்டு வகை. ஒன்றில் உள்ளேயே விசிறி இருக்கும், வார்டுக் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் மட்டும் பக்கவாட்டில் வந்து சேரும். வார்டில் பலரும் எல்லா மெஷினையும் ஏர்வோ என்றே சொல்வார்களே, அந்த ஏர்வோ இந்த வகை. இன்னொன்று பிளெண்டர் வகை. சுவரிலிருந்து அழுத்தக் காற்றும் ஆக்சிஜனும் இரண்டும் வேண்டும்.

தயாரிக்கும் வரிசை முக்கியம். முதலில் ப்ளக்: யு.பி.எஸ். வரும் பாயிண்டில் செருகுங்கள், பல மாடல்களில் பேட்டரி கிடையாது. அடுத்து தண்ணீர்: கிருமிநீக்கிய தண்ணீர்ப் பையை மெஷினுக்கு ஒரு முழம் மேலே ஸ்டாண்டில் தொங்கவிட்டு, அதன் காற்றுத்துளை மூடியைத் திறந்து, தண்ணீர் சூடாகும் சேம்பரில் தண்ணீர் கோட்டளவு வந்து தானாக நிற்கிறதா என்று பாருங்கள். கோட்டைத் தாண்டி ஏறினால் அந்தச் சேம்பரை மாற்றுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நோயாளியின் டியூபுக்குப் போகும். சலைன் ஊற்றக்கூடாது, உப்புப் படியும்.

தண்ணீர் எவ்வளவு செலவாகும் என்று புதுப் பிள்ளைகள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 37 டிகிரியில் முழு ஈரம் என்றால் ஒரு லிட்டர் காற்றில் 44 மில்லிகிராம் தண்ணீர். 60 லிட்டர் ஓடினால் மணிக்கு 3,600 லிட்டர் காற்று, கிட்டத்தட்ட 160 மில்லி தண்ணீர். வார்டுக் காற்றில் ஏற்கனவே ஈரம் இருப்பதால் கொஞ்சம் குறையும், என்றாலும் அரை லிட்டர் பாட்டில் மூன்று நான்கு மணி நேரத்துக்குத்தான். நைட் டூட்டிக்கு ஒரு பாட்டிலோடு உட்காராதீர்கள்.

பிறகு டியூப், அதன் பிறகு வெப்பநிலை 37. மெஷின் சூடாகித் தயார் என்ற குறி திரையில் வந்த பின்னால்தான் நோயாளியின் மூக்கில் வைக்க வேண்டும். ஆறிய காற்றை 40 லிட்டர் வேகத்தில் முகத்தில் அடித்தால் யாராக இருந்தாலும் பிடுங்கி எறிவார்கள். பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் வைக்க விடமாட்டார்கள்.

பிராங் அளவு சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரும். நாசித்துளையில் பாதிக்கு மேல் அடைக்காத அளவைத் தேர்ந்தெடுங்கள். ஓரத்தில் இடைவெளி இருப்பது குறையில்லை. விட்ட மூச்சு வெளியேறும் வழி அது. “லீக் ஆகுது சிஸ்டர்” என்று பஞ்சு வைத்து அடைத்த தம்பியும் உண்டு. தலைப்பட்டையை மாட்டி, டியூபின் பாரம் மூக்கை இழுக்காதபடி கிளிப்பைச் சட்டையில் குத்துங்கள்.

பெரும்பாலும் 30 லிட்டரில் ஆரம்பித்து, நோயாளி பழகப் பழக 5, 10 என்று ஏற்றுவோம். ஆரம்பிக்கும்போது பக்கத்தில் நின்று, “காத்து வேகமா வரும், வாயை மூடிக்கங்க, மூக்கால இழுங்க, ரெண்டு நிமிஷத்துல பழகிடும்யா” என்று சொல்லும் அந்த இரண்டு நிமிடம் மெஷினின் எந்தப் பொத்தானைவிடவும் வேலை செய்கிறது. சூடு தாங்கவில்லை என்றால் 34 டிகிரிக்கு இறக்கலாம். குழந்தைகளுக்கு எடையை வைத்துக் கணக்கு, கிலோவுக்கு 1 முதல் 2 லிட்டர். அவர்களுக்கான சேம்பரும் டியூபும் வேறு.

மீட்டர் ஏமாற்றும் இடம்

விசிறி வகை மெஷினில் எத்தனை லிட்டர் ஓட வேண்டும் என்பதை மெஷினில் வைக்கிறோம். ஆக்சிஜன் சதவீதமோ பக்கவாட்டில் எவ்வளவு ஆக்சிஜன் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சுவரில் இருப்பது 15 லிட்டர் வரை அளவுள்ள வழக்கமான ஃப்ளோ மீட்டர் என்று வையுங்கள். மெஷின் 60-ல் ஓடுகிறது. 15 லிட்டர் ஆக்சிஜன், மீதி 45 லிட்டர் வார்டுக் காற்று. அந்த 45-ல் 21 சதவீதம் என்றால் 9.45 லிட்டர். மொத்தம் 24.45-ஐ 60-ஆல் வகுத்தால் வெறும் 41 சதவீதம். அதே 15 லிட்டரை வைத்துக்கொண்டு மெஷினை 30-க்கு இறக்கினால் 60 சதவீதம் வரும்.

“அறுபதுல ஓடுது” என்று பொறாமைப்பட்டாரே அந்தத் தம்பி, பக்கத்துப் பெட்டுக்காரருக்கு 41 சதவீதம்தான் போய்க்கொண்டிருந்ததோ என்னவோ. 60 லிட்டரில் 60 சதவீதம் வேண்டும் என்றால் சுமார் 30 லிட்டர் ஆக்சிஜன் உள்ளே போக வேண்டும். அதற்குப் பெரிய அளவுள்ள ஃப்ளோ மீட்டர் தனியாக வாங்கியிருக்க வேண்டும். மெஷின் வாங்கும்போது இதைச் சேர்த்து வாங்காத மருத்துவமனைகள் பிறகு திணறும். காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரித்துத் தரும், வீட்டில் வைக்கும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டரை இதோடு இணைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ஆறாம் படி: எதைப் பார்த்து முடிவு செய்வது

எச்.எஃப்.என்.சி. வைத்த பிறகு எல்லாரும் சாச்சுரேஷனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் நெஞ்சைப் பார்ப்பேன். கடிகாரத்தை வைத்து முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 36-ஆக இருந்தது 26-க்கு வந்தால் மெஷின் கைகொடுக்கிறது. எண் அப்படியே நிற்க, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சிழுக்கும்போது நெஞ்சு ஏற வயிறு உள்ளே போனால், திரையில் 95 காட்டினாலும் ஆள் களைத்துக்கொண்டிருக்கிறார்.

இதை ஒரு எண்ணாக்க ராக்ஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது. சாச்சுரேஷனை ஆக்சிஜன் அளவால் வகுத்து, வந்ததை மூச்சு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 60 சதவீதத்தை 0.6 என்று எடுங்கள். 95 சாச்சுரேஷன், 50 சதவீதம், மூச்சு 24 என்றால் 7.9. மெஷின் வைத்து 2, 6, 12 மணி நேரத்தில் பார்க்கும்போது 4.88-ம் அதற்கு மேலும் இருந்தால் வென்டிலேட்டர் வரை போகும் வாய்ப்பு குறைவு. 92, 60 சதவீதம், 32 என்றால் 4.79. வாசலில் நிற்கிறார். அதே 92, அதே 60, மூச்சு மட்டும் 38 என்றால் 4.03. சாச்சுரேஷன் மாறவே இல்லை, கவனித்தீர்களா? நிமோனியா போன்றவற்றில்தான் இந்தக் கணக்கு சோதிக்கப்பட்டது, எல்லா நோய்க்கும் அப்படியே பொருத்தக்கூடாது.

இறங்கு முகத்தில் இருக்கும் நோயாளியை, “டியூப் போட வேணாம் டாக்டர், இந்த மெஷின்லயே இருக்கட்டும்” என்று குடும்பம் கெஞ்சும். இங்கே டியூப் என்பது வென்டிலேட்டருக்காகத் தொண்டை வழியே இறக்கும் டியூப். வென்டிலேட்டர் மீது நம் ஊரில் இருக்கும் பயம் எனக்குத் தெரியும், 2021 மே மாதக் கொரோனா அலையை யாரும் மறக்கவில்லை. ஆனால் எச்.எஃப்.என்.சி. தோற்ற பிறகும் இழுத்துக்கொண்டே போய், தாமதமாக டியூப் போடப்பட்டவர்களில் இறப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டாக்டர் கையெழுத்துக் கேட்கும்போது கேட்க வேண்டிய கேள்வி “இது வேண்டாமா” என்பதல்ல, “எந்த அறிகுறி வந்தால் மாற்றுவீர்கள், அது வந்துவிட்டதா” என்பது. நினைவு தப்பியவர், ஓயாமல் வாந்தி எடுப்பவர், முகத்திலோ மண்டையோட்டின் அடியிலோ எலும்பு முறிந்தவர் ஆகியோருக்கு இந்த மெஷின் ஆரம்பத்திலிருந்தே பொருந்தாது.

அலாரம் அடித்தால்

டியூபில் தண்ணீர் கோத்துக்கொண்டு களகளவென்று சத்தம் வந்தால், ஏ.சி. காற்று நேராக டியூபில் படுகிறதா பாருங்கள். டியூபைத் தூக்கித் தண்ணீரை மெஷின் பக்கம் வழிய விடுங்கள், மூக்குப் பக்கம் விடவே கூடாது. கரண்ட் போய் விசிறி நின்றால் மெஷினைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். பிராங்கை எடுத்துவிட்டு என்.ஆர்.பி.எம். மாஸ்க் 15 லிட்டரில். அந்த மாஸ்க் உறை பிரிக்காமல் கட்டில் தலைமாட்டிலேயே தொங்க வேண்டும், ஸ்டோர் ரூமில் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

ஆம்புலன்ஸில் ஏற்றுமுன்

கடலூரிலிருந்து “ஜிப்மருக்குக் கொண்டுபோங்க” என்று அனுப்பும்போது எச்.எஃப்.என்.சி. பெரும்பாலும் கூட வராது. மாஸ்க்கில் மாற்றித்தான் ஏற்றுவார்கள். மாற்றிய பிறகு பத்துப் பதினைந்து நிமிடமாவது கட்டிலிலேயே வைத்து, தாங்குகிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சிலிண்டர் கணக்கு. சின்ன பி டைப் சிலிண்டரில் முழுசாக 1,500 லிட்டர், ஆள் உயர டி டைப்பில் 7,000 லிட்டர். நிரம்பிய சிலிண்டரின் முள் 150-ஐ ஒட்டி நிற்கும். முள் பாதி என்றால் ஆக்சிஜனும் பாதி. பி டைப்பை 15 லிட்டரில் ஓட்டினால் 100 நிமிடம், பாதி சிலிண்டர் 50 நிமிடம். தூரம் 25 கிலோமீட்டர்தான். ஆனால் ஆல்பேட்டையில் ஒரு லாரி, தவளக்குப்பத்தில் ஒரு ஊர்வலம், அரியாங்குப்பம் பாலத்தில் நெரிசல், அப்புறம் டவுனைத் தாண்டி கோரிமேடு. போய் இறங்கியதும் உடனே கட்டில் கிடைக்காது, வாசலிலேயே ஸ்ட்ரெச்சரில் அரை மணி. என் கண் முன்னால் முருங்கப்பாக்கத்தில் முள் சிவப்புக்கு வந்த பயணம் ஒன்று உண்டு. நோயாளி பிழைத்தார், எனக்குத்தான் இன்றைக்கும் அந்த சிக்னலில் நின்றால் கை வேர்க்கும். பயண நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு ஆக்சிஜன் இல்லாமல் வண்டி கிளம்பக்கூடாது. முள்ளை நீங்களே பாருங்கள், “ஃபுல்லா இருக்குண்ணே” என்ற வார்த்தையை நம்பாதீர்கள்.

60 லிட்டரில் 60 சதவீதம் ஓடும் எச்.எஃப்.என்.சி. மெஷினுக்கு டி டைப் சிலிண்டரே நாலு மணி நேரம் வராது. சின்ன நர்ஸிங் ஹோம்களில் இந்த மெஷினைத் தொடங்குமுன் கேட்க வேண்டியது மெஷின் இருக்கிறதா என்றல்ல, இன்று இரவுக்கு எத்தனை சிலிண்டர் இருக்கிறது என்று.

இறக்குவதும் வீட்டுக்குப் போவதும்

தேறி வரும்போது முதலில் சதவீதத்தை 40-க்குப் பக்கமாகக் குறைத்து, பிறகு லிட்டரை ஐந்து பத்தாக இறக்குவார்கள். 20 லிட்டரை ஒட்டி வந்ததும் பழைய டியூப், நாலு லிட்டர். மூச்சு எண்ணிக்கை ஏறாமல் இருந்தால் ஜெயித்தாயிற்று. “எல்லாருக்கும் ஏத்துறீங்க, எங்களுக்கு இறக்குறீங்களே” என்று அப்போதும் ஒருவர் கேட்பார்.

சிலருக்கு வீட்டிலும் ஆக்சிஜன் தேவைப்படும். கான்சன்ட்ரேட்டர் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து, 93 சதவீதத்தை ஒட்டிய ஆக்சிஜன் தரும். சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு அடி தள்ளி வையுங்கள். கடற்கரை ஓரத்து வீடுகளில் ஃபில்டரில் தூசியும் ஈரமும் சீக்கிரம் சேரும், வாரம் ஒரு முறை கழுவி நன்றாகக் காய்ந்த பின் போடுங்கள். சமையலறை, பூஜை மாடம் இரண்டுக்கும் எட்டவே இருக்கட்டும்.

இந்தக் கரையில் இன்னொரு கவலையும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருவெல்லாம் தண்ணீர். கான்சன்ட்ரேட்டர் கரண்டில் ஓடுவது, இன்வெர்ட்டர் சில மணி நேரம்தான் தாங்கும். 2 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு ஒரு டி டைப் சிலிண்டர் 58 மணி நேரம் வரும், அதாவது இரண்டு நாளும் பத்து மணி நேரமும். கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாக டிவியில் ஓடும் அன்றே நிரப்பி வாங்கி, சங்கிலியால் ஜன்னல் கம்பியில் கட்டி நிறுத்துங்கள். ரெகுலேட்டரை அப்போதே மாட்டி, கசிவு இல்லையா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, வால்வை மூடி வையுங்கள். வால்வைத் திறக்கும் சாவியை அலமாரியில் பத்திரப்படுத்த வேண்டாம். சிலிண்டர் கழுத்திலேயே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், பக்கத்தில் ஒரு டார்ச்சும்.